வேனில் இருக்கும் டூல்ஸுக்கு இன்சூரன்ஸ்: யு.கே. வந்திருக்கும் டெல்டாக்காரர்களுக்கு

குடமுருட்டி:
வணக்கம். பாபநாசத்தில் வாஷிங் மெஷின், ஃப்ரிட்ஜ், ஏசி சர்வீஸ் பார்த்தவன். மனைவி பர்மிங்காம் பக்கம் நர்ஸ். நான் டிபெண்டன்ட் விசாவில் வந்திருக்கிறேன். பழைய வேன் வாங்கி, வீட்டுக்கு வீடு போய் ரிப்பேர் செய்யலாம் என்று எண்ணம். டூல்ஸில் பாதி கும்பகோணத்தில் வாங்கியது, பாதி இங்கே. வேன் இன்சூரன்ஸ் எடுத்தாயிற்று. டூல்ஸுக்குத் தனியாக எடுக்க வேண்டுமா? எதைப் பார்த்து எடுப்பது? அண்ணன்மார்கள் சொல்லுங்கள்.

வெண்ணாறு:
தம்பி, தனியாகத்தான் எடுக்க வேண்டும். வேன் பாலிசி வண்டிக்கும், அது மோதி மற்றவருக்கு ஆகும் சேதத்துக்கும்தான். உள்ளே கிடக்கும் டூல்ஸ் பெரும்பாலும் அதில் சேராது. அந்த வேன் பாலிசியிலேயே ஒன்றைப் பாருங்கள்: பயன்பாடு என்ற இடத்தில் சொந்தத் தொழிலுக்கான பொருள்களை ஏற்றிச் செல்ல அனுமதி இருக்கிறதா? வெறும் வீட்டு உபயோகம் என்று இருந்தால், தொழிலுக்கு ஓட்டுவதே பாலிசிக்கு வெளியே போய்விடும். இன்றைக்கே போன் செய்து மாற்றுங்கள்.

விசா பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன்: உங்கள் விசாவில் சொந்தத் தொழில் செய்யலாம். ஸ்டூடன்ட் விசாவில் கூடாது. படிப்பு முடிந்து கிராஜுவேட் விசாவுக்கு மாறிய பிறகு செய்யலாம்.

உங்கள் வேனில் இருப்பதை இன்சூரன்ஸ் கம்பெனி நாலாகப் பிரிக்கும். மல்டிமீட்டர், வாக்குவம் பம்ப், மேனிஃபோல்டு கேஜ், டிரில் எல்லாம் டூல்ஸ். டிரெயின் பம்ப், டோர் கேஸ்கெட், பிசிபி போர்டு எல்லாம் ஸ்டாக்; அதைக் கேட்டுச் சேர்த்தால்தான் உண்டு. வாடகைக்கு எடுத்த மெஷின் இன்னொரு பிரிவு. கஸ்டமர் வீட்டிலிருந்து ஏற்றி வந்த வாஷிங் மெஷின் நாலாவது. இந்த நாலாவதில்தான் நம் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். மற்றவருக்கு நம்மால் ஆகும் சேதத்துக்கான பப்ளிக் லயபிலிட்டி இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று நம்புவார்கள். வேலை செய்யும்போது தண்ணீர் ஒழுகி அவர் வீட்டுத் தரை வீணானால் அது கைகொடுக்கும். உங்கள் பொறுப்பில் எடுத்துக்கொண்ட அவர் பொருளையோ பல பாலிசிகள் விலக்கியே வைத்திருக்கும். மெஷினை எடுத்துப்போய்ச் சரிசெய்யும் வழக்கம் இருந்தால், கஸ்டமர் பொருளுக்கு என்று தனிப் பிரிவு கேளுங்கள்.

அடுத்து தொகை. பிரீமியம் குறையட்டும் என்று பாதி மதிப்புக்கு எடுக்கவே எடுக்காதீர்கள். பாலிசியில் 'ஆவரேஜ்' என்று ஒரு ஷரத்து இருக்கும். மொத்த டூல்ஸ் 8,000 பவுண்டு பெறும், நீங்கள் 4,000-க்குத்தான் எடுத்திருக்கிறீர்கள், 2,000 பவுண்டுக்குத் திருட்டு போகிறது என்று வைத்துக்கொள்வோம். 4,000 வரை உண்டே, 2,000 முழுசாக வரும் என்று கணக்குப் போடக்கூடாது. பாதிக்குத்தான் காப்பீடு, ஆகவே நஷ்டத்திலும் பாதி: 1,000. அதில் உங்கள் கைப்பங்கான எக்ஸஸ் 250 என்றால், வருவது 750.

ஒரு பொருளுக்கான உச்சவரம்பையும் பாருங்கள். மொத்தத் தொகை 5,000 ஆக இருந்தும் உருப்படி ஒன்றுக்கு 500 தான் என்று எழுதியிருந்தால், ஏசி கேஸை உறிஞ்சி எடுக்கும் 900 பவுண்டு ரெக்கவரி மெஷினுக்கு 500-க்கு மேல் தேறாது. விலை கூடியதைப் பெயர், மாடலோடு தனியே பதியச் சொல்லுங்கள். பழசுக்குப் புதுசு கொடுக்கும் பாலிசியா, தேய்மானம் கழிக்கும் பாலிசியா என்பதும் முக்கியம். தேய்மானம் கழித்தால் பழைய டிரில்லுக்கு வரும் பணத்தில் அதன் பேட்டரி வாங்கக்கூடக் காணாது.

குடமுருட்டி:
நன்றி அண்ணா. எங்களுடையது வாடகை ஃபிளாட். கராஜ் கிடையாது. ராத்திரி வேன் தெருவில்தான் நிற்கும்.

கோரையாறு:
பாலிசி வாங்கும் முன் முதலில் கேட்க வேண்டியதே இதுதான்: ராத்திரி டூல்ஸ் எங்கே இருக்கும்? பல பாலிசிகளில் இரவு 9 முதல் காலை 6 வரை என்பதுபோல ஒரு நேரம் போட்டிருப்பார்கள். அந்த நேரத்தில் பூட்டிய கராஜிலோ, கேட் பூட்டிய வளாகத்திலோ வேன் நின்றால் ஒழிய உள்ளிருக்கும் டூல்ஸுக்குக் காப்பீடு இல்லை. நேரம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். விலை குறைவாகத் தெரியும் பாலிசிகளில் இந்த வரி இருக்கிறதா என்று கட்டாயம் தேடுங்கள்.

உங்களுக்கு மூன்று வழி. ஒன்று, ராத்திரியும் வேனில் இருக்கலாம் என்று எழுத்தில் தரும் பாலிசி. பிரீமியம் கூடும், பூட்டு, அலாரம் பற்றி நிபந்தனை வைப்பார்கள். இரண்டு, தினமும் எல்லாவற்றையும் மேலே தூக்கிப்போவது. அப்போது ஃபிளாட்டுக்குள் இருந்தாலும் அந்தப் பாலிசி செல்லுமா என்று கேளுங்கள். வீட்டுப் பொருள் இன்சூரன்ஸ் தொழில் சாமானைப் பொதுவாக ஏற்காது, ஏற்றாலும் சிறு தொகைதான். மூன்று, பூட்டும் கராஜை வாடகைக்கு எடுப்பது. எதுவானாலும் உண்மை விலாசத்தைக் கொடுங்கள். தெருவில் நிற்கும் வண்டியைக் கராஜில் நிற்பதாகச் சொல்லி எடுத்த பாலிசி, திருட்டு நடந்த அன்று உங்களுக்கே எதிராகத் திரும்பும்.

பூட்டில் இரண்டு வகை. ஸ்லாம்லாக் கதவைச் சாத்தியதும் தானே பூட்டிக்கொள்ளும். நாள் முழுக்க ஏறி இறங்கும் கூரியர்காரர்களுக்கு ஏற்றது. டெட்லாக் சாவி போட்டுத் தனியாகப் பூட்டுவது. டூல்ஸ் வேனுக்கு அதுதான் நல்லது. பக்கக் கதவை மேலிருந்து வளைத்துத் திறக்கும் திருட்டு இங்கே சகஜம் என்பதால், வேன் தரையில் போல்ட் அடித்த இரும்புப் பெட்டியும் வேண்டும்.

இன்னொரு சிக்கல். வலுக்கட்டாயமாக உடைத்து நுழைந்ததற்கு அடையாளம் வேண்டும் என்று பாலிசிகள் கேட்கும். சாவியின் சிக்னலை நகலெடுத்துத் திறந்தால் ஒரு கீறலும் இருக்காது. உங்கள் வேன் சாவியில்லாமல் திறக்கும் வகை என்றால், அப்படித் திறந்து திருடினாலும் பணம் உண்டா என்று மின்னஞ்சலில் கேட்டுப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

அரசலாறு:
நம்ம ஊரில் சம்பாவுக்குப் பயிர்க் காப்பீடு செய்யும்போது 1.5 சதவீதம் கட்டி, சிட்டா, அடங்கல், ஆதார், பாஸ்புக் நகல் கொடுத்துவிட்டு வருவோம். பிறகு கிராம அளவில் அறுவடைப் பரிசோதனை நடத்தி, சராசரி மகசூலை வைத்து அவர்களே கணக்கிடுவார்கள். இங்கே உங்களுக்காக யாரும் வந்து அளக்க மாட்டார்கள். நஷ்டம் உங்களுடையது, நிரூபிப்பதும் நீங்கள்தான். அதனால் டூல்ஸ் பட்டியலை உங்கள் அடங்கலாக நினைத்து எழுதுங்கள்: பொருள், பிராண்டு, மாடல், சீரியல் நம்பர், வாங்கிய தேதி, விலை. சீரியல் நம்பர் தெரியும்படி ஒவ்வொன்றுக்கும் படம். பட்டியலை மின்னஞ்சலில் வையுங்கள். வேனில் மட்டும் வைத்தால் வேனோடு போய்விடும். ஆயுத பூஜைக்கு எல்லாவற்றையும் துடைத்து வரிசையாக வைக்கிறோமே, பொட்டு வைக்கும் முன் படமெடுத்துப் பட்டியலைப் புதுப்பித்துவிடுங்கள். அதைவிட நல்ல நாள் கிடையாது.

கும்பகோணத்தில் வாங்கியவற்றுக்கு, வீட்டில் யாரையாவது கடைக்கு அனுப்பி ஜிஎஸ்டி பில்லின் நகலை வாங்கச் சொல்லுங்கள். பில்லே கிடைக்காவிட்டால் வங்கிப் பரிவர்த்தனை, பழைய படம், வாரன்டி கார்டு எதுவும் உதவும். தொகை போடும்போது ரூபாய் விலையைப் பவுண்டாக மாற்றிப் போடாதீர்கள். அதே தரத்துப் பொருளை இங்கே இன்று வாங்க என்ன ஆகுமோ அதைப் போடுங்கள். இல்லையென்றால் மேலே வெண்ணாறு அண்ணன் சொன்ன ஆவரேஜில் விழுவீர்கள். சீரியல் நம்பர்களை இம்மொபிலைஸ் தளத்தில் இலவசமாகப் பதியலாம். மீட்ட பொருள் யாருடையது என்று போலீஸ் பார்க்கும் இடம் அது.

இன்னும் ஊரிலிருந்து கிளம்பாதவர்களுக்கு: 18 வோல்ட், 5 ஆம்ப் ஹவர் பேட்டரி 90 வாட் ஹவர். கழற்றிய பேட்டரியைக் கைப்பையில்தான் கொண்டுவர வேண்டும், செக்-இன் பெட்டியில் கூடாது. 100 வாட் ஹவரைத் தாண்டினால் விமானக் கம்பெனி அனுமதி வேண்டும்; 6 ஆம்ப் ஹவர் பேட்டரி 108 வந்துவிடும், கவனம்.

திருட்டு நடந்துவிட்டால்: முதலில் எதையும் தொடாமல் பூட்டு, கதவு, கண்ணாடி, வண்டி நின்ற இடம் எல்லாவற்றையும் படமெடுங்கள். 101-க்கு அழைத்தோ இணையத்திலோ போலீஸில் புகார் செய்து கிரைம் ரெஃபரன்ஸ் நம்பர் வாங்குங்கள். கண்ணெதிரே நடக்கிறது என்றால் 999. அன்றே இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லுங்கள். தாமதமாகச் சொன்னதற்காகவே தகராறு வரும். உடைந்த பூட்டைத் தூக்கி எறியாதீர்கள். அவர்கள் சம்மதம் தருமுன் புதுசு வாங்காதீர்கள். சில கம்பெனிகள் பணத்துக்குப் பதில் தாங்களே பொருள் வாங்கித் தருவார்கள். போகாத ஒரு டிரில்லைக் கூடச் சேர்த்து எழுதினாலும் போச்சு: 2015-ஆம் ஆண்டு இன்சூரன்ஸ் சட்டப்படி, மோசடி கலந்த கிளெய்ம் முழுவதையும் அவர்கள் மறுக்கலாம்.

அதே சட்டம் உங்களுக்கும் துணை நிற்கும். நடந்த நஷ்டத்துக்குச் சம்பந்தமே இல்லாத நிபந்தனையை மீறினீர்கள் என்று காட்டி மறுக்க முடியாது. வேன் அலாரம் போடவில்லை, ஆனால் டூல்ஸ் பை களவு போனது கஸ்டமர் வீட்டுக்குள் என்றால், அலாரத்தைக் காரணம் காட்ட அவர்களுக்கு வழியில்லை. மறுத்தால் எழுத்தில் புகார் கொடுங்கள். 8 வாரத்தில் முடிவு சொல்லாவிட்டாலோ, முடிவு சரியில்லை என்றாலோ, இப்படிப்பட்ட புகார்களை விசாரிக்கும் ஃபைனான்ஷியல் ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். இலவசம், நம்மைப்போன்ற சிறு தொழில்களையும் எடுத்துக்கொள்வார்கள். கம்பெனியின் இறுதிக் கடிதம் வந்த 6 மாதத்துக்குள் போக வேண்டும்.

குடமுருட்டி:
மிக்க நன்றி. கடைசியாக ஒன்று. மச்சான் சனிக்கிழமைகளில் சம்பளத்துக்குக் கூட வருவான். அதற்கு ஏதாவது?

வெண்ணாறு:
உண்டு. சம்பளத்துக்கு ஒருவரை வைத்தால், வேலையில் அவருக்கு அடிபட்டால் ஈடு தரும் எம்ப்ளாயர்ஸ் லயபிலிட்டி இன்சூரன்ஸ் சட்டப்படி கட்டாயம். குறைந்தது 50 லட்சம் பவுண்டு காப்பீடு. இல்லாத ஒவ்வொரு நாளுக்கும் 2,500 பவுண்டு வரை அபராதம். கம்பெனியாகப் பதியாமல் தனியாளாகத் தொழில் செய்து, நெருங்கிய குடும்பத்தாரை மட்டும் வைத்திருந்தால் விலக்கு இருக்கிறது. ஆனால் அந்தப் பட்டியலில் கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் என்றுதான் போகும். கூடப் பிறந்த தம்பி என்றால் விலக்கு, மச்சான் என்றால் இல்லை. அவன் சொந்த டூல்ஸ் கொண்டுவந்தால் அதுவும் உங்கள் பாலிசியில் தானாகச் சேராது. பணியாளர் டூல்ஸ் என்று கேளுங்கள்.

ஃப்ரிட்ஜ், ஏசியில் கேஸ் பக்கம் இருவருமே கை வைக்காதீர்கள், இங்கே அந்தக் குளிர்பதன வாயுவைக் கையாளுவதற்கான எஃப்-கேஸ் தகுதி வாங்கும் வரை. ஊரில் வாங்கிய ஐடிஐ சான்றிதழ் அதற்கு ஈடாகாது. சிட்டி அண்ட் கில்ட்ஸ் 2079 தேர்வு எழுதுங்கள். தகுதியில்லாமல் செய்த வேலையில் சேதம் வந்தால், பப்ளிக் லயபிலிட்டிக்காரர்கள் முதலில் கேட்பது அந்தச் சான்றிதழைத்தான். பிரேசிங் (குழாயைச் சுடர் வைத்துப் பற்றவைப்பது) செய்யும் நாளுக்கு அதே பாலிசியில் தனி நிபந்தனை இருக்கும்: பக்கத்தில் தீயணைப்பான், வேலை முடிந்த பின்னும் குறிப்பிட்ட நேரம் அங்கேயே இருந்து பார்ப்பது. வேனில் சிலிண்டர் ஏற்றுவதை வேன் கம்பெனிக்கும் சொல்லிவிடுங்கள்.