காரில் அவசரச் சாமான்களை எப்படி அடுக்குவது? யோசனை சொல்லுங்கள்

குரூப்பில் இருக்கும் அனுபவசாலிகள் உதவணும். கோவையிலிருந்து மதுரைக்கு அப்பா அம்மாவோடு அடிக்கடி காரில் போய்வருகிறேன். சிஎன்ஜி வண்டி. டிக்கியில் பாதியை சிலிண்டரே பிடித்துக்கொள்கிறது. ஜாக்கி, வீல் ஸ்பேனர், முக்கோண ரிஃப்ளெக்டர், டார்ச், முதலுதவிப் பெட்டி எல்லாம் மீதி இடத்தில்தான். ஸ்டெப்னியை எடுக்க வேண்டுமென்றால் அத்தனை பையையும் ரோட்டோரம் இறக்கணும். ராத்திரி மழையில், வயசானவர்களோடு, நடக்கிற காரியமா?

எனக்குப் பெரிய பயம் தண்ணீர் பாட்டில். உருண்டு பிரேக் பெடலுக்கு அடியில் போய்விட்டால் அவ்வளவுதான். சீட்டுக்குக் கீழே இருப்பதை நகராமல் எப்படி வைக்கிறீர்கள்?

12 வோல்ட் சாக்கெட்டில் செருகும் காற்றடிக்கும் பம்ப் வாங்கப் போகிறேன். ட்யூப்லெஸ் டயரில் ஆணி ஏறினால், அதைப் பிடுங்காமல் காற்றை நிரப்பி மெதுவாகப் பஞ்சர் கடை வரை போய்விடலாம். ஃப்யூஸைப் போக்காமல் உழைக்கிற பம்ப் எது?

அப்பா இன்சுலின் போடுகிறவர். வெயிலில் நிற்கும் காரில் அதை விட்டுவைக்கக் கூடாது என்பதால் இறங்கும்போது கையோடு எடுத்துக்கொள்கிறோம். வழியில் சூடேறாமல் வைக்க நல்ல பை இருந்தால் சொல்லுங்கள்.

நெடுஞ்சாலை உதவி எண் 1033ஐ டேஷ்போர்டில் ஒட்டியாச்சு. ராத்திரியில் கூப்பிட்டவர்கள் யாராவது உண்டா? வண்டி வர எவ்வளவு நேரம் ஆச்சு?