மாயாவியின் கை மட்டும் தெரிய வேண்டும், உடம்பும் தெரிகிறது

ஏற்காட்டில் ஐந்து நிமிடக் குறும்படம் எடுக்கிறேன். 1972-ல் முத்து காமிக்ஸ் முதல் இதழில் வந்த இரும்புக்கை மாயாவிதான் நாயகன். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறையும், கை மட்டும் மிதக்கும். நண்பர்கள் சிரிக்கிறார்கள். புள்ளிச் சட்டை போட்ட காமிக்ஸ் பாத்திரம் போல்கா டாட் மேனையே 2021-ல் ஹாலிவுட் திரைக்குக் கொண்டுவந்தது, நம்ம மாயாவிக்கு என்ன குறை?

உடம்பை மறைக்கப் பச்சை உடை போட்டு, எடிட்டிங்கில் பச்சை நிறத்தை அழித்தால் பின்னால் இருக்கும் காப்பிச் செடியும் சேர்ந்து அழிகிறது. சரி என்று நீலத்துக்கு மாறினேன், கையில் பூசிய வெள்ளிப் பெயின்ட்டில் நீலம் அடிக்கிறது. அப்புறம் ஆளில்லாத காட்சியைத் தனியே எடுத்து, அழித்த இடத்தில் தெரியும்படி அடியில் வைத்தேன். மூடுபனி நகர்ந்துகொண்டே இருப்பதால் உருவம் கோடாகத் தெரிகிறது. போன் கேமராதான், ஸ்டாண்ட் உண்டு. மூன்று வாரமாக இதே கதை. சேலத்தில் வீட்டுக்குள் எடுக்க மனமில்லை.

மூடுபனிக்குள்ளேயே கையை மட்டும் தெரிய வைக்க என்ன வழி?