மூன்றாம் வகுப்புப் பையன் இந்தப் பருவத்தில் என்னதான் படித்திருக்கிறான்?

குடமுருட்டிக் கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்களுக்கு வலங்கைமான் பக்கம் ஒரு கிராமம். மகன் ஊரிலேயே அரசுத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். முதல் பருவம் முடியப் போகிறது. காலாண்டு விடுமுறைக்கு முன்பு எனக்கு ஒரு தெளிவு வேண்டும்.

அவன் பையைத் திறந்தால் நோட்டுகளில் பாதி வெள்ளையாக இருக்கிறது. நான் படித்தபோது இந்த நேரத்தில் இரண்டு நோட்டு எழுதித் தீர்ந்திருக்கும். இவனிடம் இருப்பது பயிற்சி நூல், அதில் வண்ணம் தீட்டிய படங்கள், வெட்டி ஒட்டிய சொல் அட்டைகள். "இன்று என்னடா படித்தீர்கள்?" என்றால் "பாட்டுப் பாடினோம், பொம்மை வைத்துக் கதை சொன்னோம், வயலுக்குப் போனோம்" என்கிறான்.

போன வாரம் என் மாமனார் அவனைத் திண்ணையில் உட்கார வைத்து ஏழாம் வாய்ப்பாடு கேட்டார். மூவேழு இருபத்தொன்று வரை சொன்னான், அப்புறம் வாயைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து வீட்டில் ஒரே பேச்சு: "வாசலுக்கே வேன் வருகிறது, தனியார் பள்ளியில் போட்டுவிடலாம்." கணவர் திருப்பூரில் வேலை பார்க்கிறார். போனில் கேட்டால் "நீயே பார்த்து முடிவு செய்" என்கிறார்.

ஆனால் இதே பையன் கும்பகோணம் போகும்போது எதிரில் வரும் பஸ் பலகையில் 'நீடாமங்கலம் வழி மன்னார்குடி' என்று தடுக்காமல் படிக்கிறான். வீட்டுக்கு வரும் கல்யாணப் பத்திரிகையை எடுத்து வைத்துக்கொண்டு மணமகன் பெயரிலிருந்து மண்டபம் வரை வாசிக்கிறான். அப்படியானால் ஏதோ நடக்கிறது என்றுதானே அர்த்தம்?

இந்தப் பருவத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எதெல்லாம் வந்திருக்க வேண்டும், வீட்டில் அதை எப்படித் தெரிந்துகொள்வது என்று சொல்லுங்கள். நான் பத்தாவது வரை படித்தவள். விளக்கிச் சொன்னால் பிடித்துக்கொள்வேன்.

நீடாமங்கலம் ஒன்றிய ஆசிரியை எழுதியது:

சகோதரி, நானும் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்புதான் எடுக்கிறேன். உங்கள் கேள்வி நியாயமானது. பள்ளியை மாற்றுவது பற்றிப் பிறகு யோசியுங்கள். முதலில் வகுப்பறையில் நடப்பதைச் சொல்கிறேன்.

2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு 2021 நவம்பரில்தான் திறந்தன. ஒன்றாம் வகுப்பையே நேரில் பார்க்காத பிள்ளைகள் மூன்றாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தார்கள். அவர்கள் கையில் மூன்றாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்து என்ன பயன்? அந்தப் பள்ளத்தைத் தூர்க்கத்தான் 2022 ஜூனில், அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் சொல்லித்தரும் 'எண்ணும் எழுத்தும்' என்ற அரசுத் திட்டம் வந்தது. முதலில் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கு, அடுத்த ஆண்டு நான்கு, ஐந்துக்கும். பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைகளாகப் பார்க்கிறோம். எழுத்துகளோடு இன்னும் போராடும் பிள்ளை அரும்பு. சொற்களும் சிறு தொடர்களும் வருகிற பிள்ளை மொட்டு. வகுப்புக்கு உரியதைச் செய்கிற பிள்ளை மலர். உங்கள் பையன் தமிழில் எந்த நிலை, கணக்கில் எந்த நிலை என்று டீச்சரிடம் தனித்தனியாகக் கேளுங்கள். இரண்டும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பத்திரிகையை முழுதாக வாசிக்கிறான் என்றால் தமிழில் அவனைப் பற்றி எனக்குப் பயமில்லை.

"வயலுக்குப் போனோம்" என்று சொன்னானே, அதை விட்டுவிடாதீர்கள். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கிற ஜூன் 12-ஐ ஒட்டித்தான் நம் பள்ளிகளும் திறக்கின்றன. தண்ணீர் கல்லணையில் பிரிந்து நம் வாய்க்காலுக்கு வந்து குறுவை நடவு நடக்கிற நாட்கள்தான் முதல் பருவம். அளவுகளும் பெருக்கலும் சொல்லித்தர இதைவிட நல்ல காலம் கிடையாது. எங்கள் பள்ளிச் சுவரை ஒட்டி ஒரு வயல் இருக்கிறது. அந்த விவசாயி இந்த முறை திருந்திய நெல் சாகுபடியில் ஒற்றை நாற்று நட்டார். கயிறு பிடித்து, நீளவாக்கிலும் அகலவாக்கிலும் 25 சென்டிமீட்டர் விட்டு. அவரிடம் கேட்டுக்கொண்டு பிள்ளைகளை வரப்பில் இறக்கினேன்.

எல்லோர் கையிலும் 15 சென்டிமீட்டர் அளவுகோல். ஒரு குத்திலிருந்து, அதாவது நாற்று நட்ட இடத்திலிருந்து, அடுத்த குத்துக்கு வைத்தால் எட்டவில்லை. முடிந்த இடத்தில் விரலை ஊன்றிக்கொண்டு மறுபடி வைத்து, பதினைந்தும் பத்தும் இருபத்தைந்து என்று அவர்களே கண்டுபிடித்தார்கள். பிறகு மீட்டர் கயிற்றால் ஒரு சதுரம் கட்டி, உள்ளே எத்தனை குத்து என்று கேட்டேன். ஒரு பெண் எண்ணவே இல்லை. "வரிசைக்கு நாலு, நாலு வரிசை, பதினாறு டீச்சர்" என்றாள். ஒரு பையன் குனிந்து ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிவிட்டுப் பதினைந்து என்றான். எல்லோரும் சிரித்தார்கள். போய்ப் பார்த்தால் மூலையில் ஒரு குத்து அழுகிப் போயிருந்தது. அவன் சொன்னதுதான் அந்த வயலுக்குச் சரியான விடை. பெருக்கலும் கழித்தலும் ஒரே இடத்தில் முடிந்தன. அன்றைக்கு நோட்டில் ஏறியது ஒரு சதுரமும் பதினாறு புள்ளிகளும்தான், அதில் ஒன்றின் மேல் பெருக்கல் குறி. அந்தப் பக்கத்தைப் பார்க்கிற தாய்க்கு "ஒன்றும் எழுதவில்லையே" என்றுதான் தோன்றும்.

இனி வீட்டில் பார்க்கக்கூடியவை. வாசிப்புக்குப் பாடப் புத்தகத்தைக் கொடுக்காதீர்கள், மனப்பாடமாக வந்துவிடும். அன்றைய நாளிதழில் சின்னச் செய்தி ஒன்றைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். பேப்பரை மடித்துவிட்டு, யாருக்கு என்ன நடந்தது என்று கேளுங்கள். படித்ததைத் தன் பேச்சில் திருப்பிச் சொன்னால் வாசிப்பு வந்துவிட்டது. வெறும் ஓசைதான் வந்திருக்கிறது என்றால் டீச்சரிடம் சொல்லுங்கள்.

கணக்கில் முந்நூற்று ஏழு என்று எழுதச் சொல்லுங்கள். 3007 என்று எழுதினால் இடமதிப்பு உறைக்கவில்லை. இந்தத் தவறு ஒவ்வொரு ஆண்டும் என் வகுப்பில் வருகிறது. முந்நூறைக் காதால் கேட்டு 300 என்று எழுதிவிட்டுப் பக்கத்தில் 7 போடுகிறார்கள். நூறு, பத்து, ஒன்று என்று மூன்று கட்டம் போட்டுப் புளியங்கொட்டை வைக்கச் சொன்னால் பத்தின் கட்டம் காலியாக நிற்பது கண்ணுக்குத் தெரியும். அங்கேதான் பூச்சியம் எதற்கு என்பது புரிகிறது. அடுத்து 52-இலிருந்து 27-ஐக் கழிக்கச் சொல்லுங்கள். 25 வந்தால் சரி. 35 என்று வந்தால், ஏழிலிருந்து இரண்டைக் கழித்திருக்கிறான். இனமாற்றம், அதாவது ஒரு பத்தைப் பிரித்துப் பத்து ஒன்றுகளாக்குவது, இன்னும் வரவில்லை என்று பொருள்.

உங்கள் மாமனார் கேட்டதில் தவறே இல்லை. ஆனால் மூன்றாம் வகுப்புக்குரிய கற்றல் விளைவுகளில் இருப்பவை 2, 3, 4, 5, 10 ஆகிய வாய்ப்பாடுகள். ஏழுக்கு இன்னும் காலம் இருக்கிறது. அவன் ஏழில் நின்றதை வைத்து எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.

மன்னார்குடி அப்பா எழுதியது:

ஆசிரியை சொன்னதை மதிக்கிறேன். ஆனால் எல்லாப் பள்ளியிலும் இவர் மாதிரி வரப்பில் இறக்கிச் சொல்லித்தர ஆள் இல்லை. என் மகள் நான்காம் வகுப்பு. ஒரே டீச்சர் இரண்டு வகுப்புகளைச் சேர்த்து வைத்துப் பார்க்கிறார். மதிப்பீட்டை செல்போனில் பதிவேற்றுவதிலேயே அவருடைய நேரம் போகிறது. அவரைக் குறை சொல்லவில்லை, அவர் என்ன செய்வார்? ஆனால் நஷ்டம் பிள்ளைக்குத்தானே.

என் கவலை எழுத்து. வாயால் கேட்டால் என் மகள் எல்லாம் சொல்வாள். அரைப் பக்கம் எழுதச் சொன்னால் கை வலிக்கிறது என்று பென்சிலைக் கீழே போடுகிறாள். அட்டை, விளையாட்டு, பாட்டு எல்லாம் இருக்கட்டும். ஆறாம் வகுப்புக்குப் போனால் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுத வேண்டுமே! இப்போது தினமும் சாயங்காலம் அவள் அன்றைக்குப் பார்த்ததைப் பற்றி ஐந்து வரி எழுதிக் காட்ட வேண்டும் என்று வைத்திருக்கிறேன். முதலில் அழுகை. இப்போது வடுவூர் ஏரியில் பார்த்த பறவைகளைப் பற்றிக் கேட்காமலே ஒரு பக்கம் எழுதுகிறாள். 'ற'வும் 'ர'வும் இடம் மாறி மாறி வருகின்றன, அதைத் திருத்திக்கொள்ளலாம்.

நன்னிலம், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் எழுதியது:

மகளே, மன்னார்குடித் தம்பி சொல்வதில் பாதிக்கு நான் கையெழுத்துப் போடுவேன். எழுதிப் பழகாத கை பின்னால் சிரமப்படும். மறுபாதிக்கு மாட்டேன். நோட்டு நிரம்புவதைக் கல்வி என்று நம்பித்தான் ஒரு தலைமுறைக்குக் கரும்பலகையில் இருந்ததைப் பார்த்து எழுதும் வேலையைக் கொடுத்தோம்.

ஒன்று சொல்கிறேன். காவிரி தலைக்காவிரியில் பிறந்து, சுமார் 800 கிலோமீட்டர் ஓடி, பூம்புகாரில் கடலில் கலக்கிறது என்று எந்தப் பிள்ளையும் ஒப்பித்துவிடும். "உன் அப்பா வயலுக்கு வருகிற தண்ணீர் எந்த ஆற்றிலிருந்து வருகிறது?" என்று கேளுங்கள், விழிக்கும். நான் நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கு வரைபடம் தொடங்கும்போது அட்லஸை எடுக்க மாட்டேன். வீட்டு வாசலிலிருந்து தொடங்கச் சொல்வேன். வயல், அதற்குப் பாயும் கன்னி வாய்க்கால், பெரிய வாய்க்கால், மதகு, ஆறு என்று தண்ணீருக்கு எதிர்த்திசையில் நடந்து வரைய வேண்டும். தெரியாத இடத்தில் வீட்டில் கேட்டு வர வேண்டும். பிள்ளைகள் கேட்கப் போய், அப்பாவும் தாத்தாவும் மதகின் பெயரில் சண்டை போட்டுக்கொண்ட வீடுகள் உண்டு. நீடாமங்கலத்துப் பக்கத்துப் பிள்ளைகள் எதிர்த்திசையில் போனால் மூணாறு தலைப்பில் வந்து நிற்பார்கள். வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு மூன்றும் பிரிகிற இடம். உங்கள் ஊர்ப் பிள்ளை குடமுருட்டியைப் பிடித்துக்கொண்டே போனால் திருக்காட்டுப்பள்ளி பக்கம் காவிரியில் சேர்ந்து, அங்கிருந்து கல்லணை, முக்கொம்பு, மேட்டூர் என்று மேலே போகலாம். திசை, குறியீடு, அளவுத்திட்டம் எல்லாம் அதற்குப் பிறகு தானாகத் தேவைப்படும். வடக்கு எங்கே என்று பிள்ளையே கேட்கும்.

உங்கள் மாமனார் வாய்ப்பாடு கேட்கிற மனிதர் என்றால் பெரிய சொத்து. அவரைக் கேள்வி கேட்பவராக மட்டும் விடாதீர்கள், சொல்லித்தருபவராக்குங்கள். நம் பக்கத்தில் 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. பன்னிரண்டு அடிக் கோலை நீளத்தில் ஒருமுறை, அகலத்தில் ஒருமுறை போட்டால் ஒரு குழி. அவர் கோலைப் போட, பேரன் களத்தில் கோடு கிழிக்கட்டும். ஒரு குழியின் நாலு பக்கத்தையும் கூட்டினால் எத்தனை அடி என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும். உள்ளே ஓரடிச் சதுரங்கள் 144 என்பதை ஐந்தாம் வகுப்பில் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதில் முக்கால் பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள். அடுத்த கூட்டம் எப்போது என்று கேட்டுப் போய் உட்காருங்கள். "இந்தப் பருவத்தில் எத்தனை பிள்ளைகள் அரும்பிலிருந்து மொட்டுக்கு வந்திருக்கிறார்கள்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். ஆசிரியர் பற்றாக்குறையையும் அங்கேதான் தீர்மானமாக எழுத வேண்டும், தம்பி. திண்ணையில் பேசினால் பதிவாகாது.

குடமுருட்டிக் கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவே பார்த்துவிட்டேன். முந்நூற்று ஏழைச் சரியாக 307 என்று எழுதினான். 52-இல் 27 போனால் 35 என்றான். டீச்சர் சொன்ன அதே விடை! புளியங்கொட்டையைப் பத்துப் பத்தாகக் குவித்து, ஒரு குவியலைக் கலைத்துப் போட்டதும் அவனே "அப்போ இருபத்தைந்தும்மா" என்று திருத்தினான். நாளிதழ்ச் செய்தியைப் படித்துக் கதை போலச் சொல்லிவிட்டான்.

தலைமை ஆசிரியர் ஐயா சொன்ன கோல் விஷயத்தைக் கேட்டதும் மாமனார் மாட்டுக் கொட்டகையில் மூங்கில் தேடப் போய்விட்டார். வேன் பேச்சு இப்போதைக்கு நின்றிருக்கிறது. வெள்ளிக்கிழமை பள்ளிக்குப் போய் டீச்சரிடம் நிலை கேட்கப் போகிறேன்.

ஒரு சந்தேகம். விடுமுறையில் வாய்ப்பாட்டை எந்த வரிசையில் சொல்லித்தருவது? இரண்டிலிருந்து வரிசையாகப் போகலாமா?

நீடாமங்கலம் ஒன்றிய ஆசிரியை எழுதியது:

வரிசையாக வேண்டாம் சகோதரி. முதலில் 10, 5, 2. இவை மூன்றும் காசு எண்ணும்போதே பாதி வந்துவிடும். ஐந்து ரூபாய் நாணயங்களைக் கொடுத்து எண்ணச் சொல்லுங்கள். பிறகு 4, ஏனென்றால் இரண்டாம் வாய்ப்பாட்டை இரட்டித்தால் அது கிடைக்கும். 3 கடைசியில். ஒவ்வொன்றையும் மேலிருந்து ஒப்பிக்க வைப்பதோடு நிறுத்தாமல் நடுவிலிருந்தும் கேளுங்கள், "ஆறைந்து எவ்வளவு?" என்று. கழித்தலுக்குக் குவியலைக் கலைத்தீர்களே, விடுமுறை முழுக்க அதையே செய்யுங்கள். கொட்டை இல்லாமல் தாளில் போட அவசரப்படுத்த வேண்டாம். வெள்ளிக்கிழமை டீச்சரைப் பார்க்கும்போது பயிற்சி நூலையும் எடுத்துப் போங்கள். அதில் அவர் குறித்து வைத்திருப்பதை வைத்துத்தான் பேச்சு தொடங்க வேண்டும்.