அலுமினா சீல் ரிங் அடிக்கடி பிளக்கிறது, சிர்க்கோனியா கலந்ததுக்கு மாறலாமா?

சிப்காட் ஃபிட்டர்:
வணக்கம். கடலூர் சிப்காட்டில் பம்ப் பராமரிப்பு பார்க்கிறேன். காஸ்டிக் சோடா கரைசல் போகும் லைனில் ஒரு பம்ப், தண்டு வழியே திரவம் கசியாமல் தடுக்கும் மெக்கானிக்கல் சீலில் 99.5 சதவீத அலுமினா பீங்கான் ரிங், எதிரே அதோடு உரசும் கார்பன் ரிங். மூன்று மாதத்தில் இரண்டு ரிங் போய்விட்டது. தேய்மானமே இல்லை, உரசும் முகம் பளபளவென்றுதான் இருக்கிறது, ஆனால் உள்வட்டத்திலிருந்து வெளியே நேராகப் பிளந்திருக்கிறது. சிர்க்கோனியா என்ற இன்னொரு பீங்கான் கலந்த அலுமினா போடுங்கள், இரண்டு மடங்கு வலு என்கிறார் சப்ளையர். விலை அதிகம். உண்மையில் தாங்குமா?

விருத்தாசலம் பீங்கான்:
எந்த வலு என்று முதலில் அவரிடம் கேளுங்கள். அலுமினாவை அமுக்கினால் 2000 மெகாபாஸ்கல் அழுத்தத்துக்கு மேலேயும் தாங்கும், வளைத்தால் 300, 400லேயே ஒடிந்துவிடும், அதைவிடப் பெரிய சிக்கல், ஒரு விரிசல் கிளம்பிவிட்டால் எஃகு மாதிரி நெளிந்து கொடுத்து அதை நிறுத்தத் தெரியாது. பம்ப் எப்போதாவது காய்ந்து ஓடுகிறதா?

சிப்காட் ஃபிட்டர்:
ஆமாம், தொட்டி காலியாகும்போது சில நிமிஷம். கவனித்ததும் வால்வைத் திறந்துவிடுவார்கள்.

புதுவை ஆய்வகம்:
அப்போ காரணம் அதுதான். காய்ந்து உரசும்போது முகம் கொதித்துப் போயிருக்கும், அதன்மேல் குளிர்ந்த திரவம் பாய்கிறது. சூடான அலுமினாவைத் தண்ணீரில் போட்டால் சுமார் 200 டிகிரி வித்தியாசத்திலேயே விரிசல் விடும்.

சப்ளையர் சொன்னதில் பாதி சரி. விரிசல் முனை நெருங்கும்போது சிர்க்கோனியா துகள் படிக அமைப்பு மாறி 4, 5 சதவீதம் பருக்கும், பருத்து அந்த விரிசலை இறுக்கிப் பிடிக்கும். சிர்க்கோனியாவில் இந்த வித்தையை கார்வி என்ற ஆய்வாளரின் குழு 1975லேயே எழுதிவிட்டது, எனக்கு இன்னும் அதிசயம்தான். இதனால் விரிசலை எதிர்க்கும் திறன் நன்றாகவே கூடுகிறது, அடி விழும் இடத்துக்கு அருமையான பொருள். ஆனால் சிர்க்கோனியா வெப்பத்தைக் கடத்துவதில் மோசம், அதைக் கலந்தால் அலுமினாவும் அந்தப் பக்கம் கொஞ்சம் இறங்கும். உங்களுக்கு வேண்டியதோ சூட்டை உடனே வெளியேற்றும் முகம். சிலிக்கான் கார்பைடு என்ற பீங்கான் அலுமினாவைவிட மூன்று, நான்கு மடங்கு கடத்தும், அதைப் போடுங்கள்.

விருத்தாசலம் பீங்கான்:
காஸ்டிக் என்றீர்களே, வினைப்பிணைப்பு (reaction bonded) வகை சிலிக்கான் கார்பைடு வாங்கிவிடாதீர்கள், அதில் வினைபுரியாமல் தனியாக நிற்கிற சிலிக்கானை காஸ்டிக் தின்றுவிடும். சின்டர் செய்தது, அதாவது தூளைச் சுட்டு இறுக்கியது, என்று ஆர்டரிலேயே எழுதுங்கள். எதைப் போட்டாலும் முதலில் தொட்டியில் ஒரு லெவல் சுவிட்ச் வையுங்கள், மட்டம் இறங்கியதும் பம்ப் தானாக நிற்கட்டும்.

சிப்காட் ஃபிட்டர்:
ரொம்ப நன்றி. சுவிட்ச் ஸ்டோரில் ஒன்று இருக்கிறது, நாளைக்கே மாட்டுகிறேன்.