நாலு கார்டு, ஒன்றில் திடீர் லிமிட் குறைப்பு: எதை வைத்துக்கொள்வது, எதை மூடுவது?

சிறுவாணி சேகர்:

வணக்கம். என்னிடம் நாலு கிரெடிட் கார்டு இருக்கிறது.

கார்டு அ: லிமிட் 2 லட்சம், கெடு தேதி 3. எட்டு மாதமாகத் தொடவே இல்லை.
கார்டு ஆ: 1.5 லட்சம், கெடு 9. கேஷ்பேக் நன்றாக இருப்பதால் மாதச் செலவு 90 ஆயிரமும் இதில்தான்.
கார்டு இ: 1.2 லட்சம், கெடு 24. ஆண்டுக் கட்டணம் 1,500 ரூபாயும் ஜிஎஸ்டியும்.
கார்டு ஈ: 75 ஆயிரம், கெடு 18. இருப்பதிலேயே பழையது, ஆயுள் முழுக்க இலவசம்.

சம்பளம் மாதக் கடைசி நாளில் வரும். இதுவரை ஒரு பில்லும் தாமதமானதில்லை, சிபில் (கடன் மதிப்பெண்) 762. போன மாதம் கார்டு அ-வின் லிமிட்டை 60 ஆயிரமாகக் குறைத்துவிட்டு எஸ்எம்எஸ் மட்டும் அனுப்பினார்கள். அதே வாரம் வேறொரு வங்கியில் போட்ட விண்ணப்பம் "உள் கொள்கைப்படி ஏற்க இயலவில்லை" என்று திரும்பிவிட்டது. அடுத்த வருடம் வீட்டுக் கடன் வாங்கும் எண்ணம். கேட்காமல் லிமிட்டைக் குறைக்கலாமா? கட்டணம் இருக்கிற இ-யை மூடிவிடலாமா? தேதிகளை எப்படிச் சமாளிப்பது?

வட்டிக்கணக்கு:

குறைக்கலாம். லிமிட்டை ஏற்றத்தான் உங்கள் வெளிப்படையான சம்மதம் தேவை. குறைக்கும்போது தெரிவித்தால் போதும் என்பதுதான் ரிசர்வ் வங்கியின் கிரெடிட் கார்டு நெறிமுறை. ஆகவே சண்டை போட அங்கே இடமில்லை, கேட்டு வாங்கத்தான் இடம் இருக்கிறது.

உங்களிடம் தப்பு இருக்கிறது என்று அர்த்தமில்லை. 2023 நவம்பர் 16-ஆம் தேதி ரிசர்வ் வங்கி கார்டு பாக்கிகளுக்கான ரிஸ்க் வெயிட்டை (ஒரு கடனுக்காக வங்கி எவ்வளவு சொந்த மூலதனம் ஒதுக்கவேண்டும் என்பதை முடிவு செய்யும் எடை) வங்கிகளுக்கு 125-லிருந்து 150 சதவீதமாக ஏற்றியது. குறைந்தபட்ச மூலதன விகிதமான 9 சதவீதத்தை வைத்துப் பார்த்தால், 100 ரூபாய் கார்டு பாக்கிக்கு முன்பு 11.25 ரூபாய் முடங்கிக் கிடந்தது, இப்போது 13.50. அடமானம் எதுவும் இல்லாத கடன் வேறு. அதனால் வங்கிகளின் கார்டு பிரிவுகள் கொடுத்துவைத்த கார்டுகளை அடிக்கடி சலித்துப் பார்க்கின்றன. எட்டு மாதம் தூங்கிய 2 லட்சம் லிமிட் அந்தச் சல்லடையில் முதலில் மாட்டும்.

இன்னொன்று. ஒரு வருடத்துக்கு மேல் பயன்படுத்தாத கார்டை, தகவல் சொல்லிவிட்டு 30 நாளில் பதில் வராவிட்டால் வங்கியே மூடலாம். எட்டு மாதம் ஆகிவிட்டது, அ-வில் உடனே ஏதாவது வாங்குங்கள். மாதாமாதம் மின்கட்டணமோ மொபைல் ரீசார்ஜோ ஒன்றைப் போட்டுவைத்தால் போதும். ரூபே கார்டாக இருந்தால் யுபிஐ-யில் இணைத்து மளிகைக் கடை க்யூஆரில் தட்டலாம். மூன்று, நான்கு பில் முழுதாகக் கட்டிய பிறகு, புதிய சம்பளச் சீட்டு மூன்றும் வருமான வரி ரிட்டர்னும் இணைத்து லிமிட் ஏற்றக் கேளுங்கள். பழைய வருமானமே அவர்கள் ஏட்டில் இருந்தால் எவ்வளவு ஒழுங்காகக் கட்டினாலும் அசையாது.

லிமிட் குறைந்த கார்டில் சந்தா, இன்சூரன்ஸ் என்று தானியங்கிப் பிடித்தம் ஏதாவது ஓடுகிறதா என்றும் பாருங்கள். 60 ஆயிரத்தைத் தாண்டும் பிரீமியம் சத்தமில்லாமல் திரும்பிப்போகும், பாலிசி காலாவதியான பிறகுதான் தெரியவரும்.

மதுரை மீனா:

சேகர் அண்ணா, கார்டு இ-யை இப்போது மூடாதீங்க. கணக்கைப் பாருங்க. குறைப்புக்கு முன் மொத்த லிமிட் 5.45 லட்சம், 90 ஆயிரம் செலவு என்றால் 16.5 சதவீதப் பயன்பாடு. இப்போது 4.05 லட்சம், 22 சதவீதம். இ-யையும் மூடினால் 2.85 லட்சம், அதே செலவு கிட்டத்தட்ட 32 சதவீதம் ஆகிவிடும். செலவு ஒரு ரூபாய்கூடக் கூடவில்லை, ஆனால் சிபில் ரிப்போர்ட்டில் கடன் இறுக்கம் கூடின மாதிரி தெரியும். அதுவும் வீட்டுக் கடனுக்கு முந்தின வருடம்.

மொத்தம் மட்டுமில்லை, தனித்தனிக் கார்டும் கவனிக்கப்படும். ஆ-வில் 1.5 லட்சத்துக்கு 90 ஆயிரம் என்பது 60 சதவீதம். ஸ்டேட்மென்ட் வருவதற்கு மூன்று நாள் முன்னால் 50 ஆயிரத்தைக் கட்டிவிடுங்க. ஸ்டேட்மென்ட்டில் 40 ஆயிரம்தான் வரும், 27 சதவீதம். முந்தின நாள் கட்டினால் சில வழிகளில் வரவு வைக்க ஓரிரு நாள் ஆகும், முன்கூட்டியே கட்டியும் பலன் இல்லாமல் போய்விடும். 2025 ஜனவரி முதல் வங்கிகள் மாதம் குறைந்தது இரண்டு முறை சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தகவல் அனுப்ப வேண்டும். உங்கள் வங்கி அனுப்புவது ஸ்டேட்மென்ட் பாக்கியா, அன்றைய பாக்கியா என்று தெரிய, ரிப்போர்ட்டில் இருக்கும் தொகையையும் தேதியையும் உங்கள் ஸ்டேட்மென்ட்டோடு ஒப்பிட்டால் போதும்.

தேதி விஷயத்தில் நாலையும் ஒரே நாளுக்கு இழுக்க நினைக்காதீங்க. பில்லிங் சுழற்சியைக் குறைந்தது ஒரு தடவையாவது மாற்றிக்கொள்ளும் உரிமை உண்டு, ஆப்பிலோ கஸ்டமர் கேரிலோ கேட்கலாம். ஆனால் இரண்டு கூட்டமாகப் பிரிப்பதுதான் லாபம். ஸ்டேட்மென்ட்டுக்கும் கெடுவுக்கும் பொதுவாக 18 முதல் 20 நாள். அப்படியானால் ஆ-வுக்கு ஸ்டேட்மென்ட் 20-ஐ ஒட்டி, இ-க்கு 5-ஐ ஒட்டி. 6 முதல் 20 வரை வாங்கும் பெரிய பொருளை இ-யில் போடுங்க, 21 முதல் 5 வரை ஆ-வில். 6-ஆம் தேதி வாங்கினதுக்கு அடுத்த மாதம் 24 வரை அவகாசம், ஏறக்குறைய 49 நாள். அ-வை 9 பக்கமும் ஈ-யை 24 பக்கமும் நகர்த்திவிட்டால் மாதத்தில் இரண்டே நாள்தான் ஞாபகம் வைக்க வேண்டியிருக்கும்.

ஆட்டோபே போடும்போது 'முழுத் தொகை' என்று தேர்ந்தெடுங்க. சில ஆப்பில் 'குறைந்தபட்சத் தொகை' தானாகவே டிக் ஆகியிருக்கலாம். அதன் விலை இது: ஜூன் 10-ல் 40 ஆயிரத்துக்கு ஒரு பொருள், ஜூலை 5-ல் ஸ்டேட்மென்ட், ஜூலை 25-ல் வெறும் 2 ஆயிரம் கட்டுகிறீர்கள். மீதி 38 ஆயிரத்துக்கு வட்டி ஜூலை 25-லிருந்து இல்லை, ஜூன் 10-லிருந்தே ஓடும். மாதம் 3.6 சதவீதம் என்று வைத்தால் ஆகஸ்ட் 5 வரை 56 நாளுக்கு சுமார் 2,520 ரூபாய், அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, மொத்தம் 2,970. கட்டின 2 ஆயிரத்தைவிட வட்டியே அதிகம்! பாக்கி முழுக்கத் தீரும்வரை புதிதாக வாங்குவதற்கும் வட்டியில்லா நாள் கிடையாது.

பழைய டெல்லர்:

மீனா சொன்ன பயன்பாட்டுக் கணக்கு சரி. ஆனால் வருடம் முழுக்க முன்கூட்டிக் கட்டிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. கடனுக்கு விண்ணப்பிக்கும் முன் இரண்டு, மூன்று மாதம் செய்தால் போதும், மற்ற மாதங்களில் கெடுவுக்குள் முழுதாகக் கட்டுவதே முக்கியம். முன்கூட்டிக் கட்டுகிறேன் என்று லிமிட்டை ஒரே மாதத்தில் இரண்டு, மூன்று தடவை காலி செய்து நிரப்புவதையும் தவிருங்கள். வாலட்டில் ஏற்றுவது, தெரிந்தவர் கடை மெஷினில் தேய்த்துப் பணமாக வாங்குவது, இவற்றோடு சேர்த்து அதையும் பணச் சுழற்சியாகவே வங்கியின் கண்காணிப்பு எடுத்துக்கொள்ளும். பலருக்குக் கார்டு முடக்கப்பட இதுவே காரணமாகியிருக்கிறது. ஆண்டில் ஒரு வங்கியின் கார்டு பில்லுக்கு 10 லட்சமோ அதற்கு மேலோ கட்டினால் (ரொக்கமாக என்றால் 1 லட்சம்) வருமான வரித் துறைக்குத் தகவல் போகும் என்பதும் நினைவில் இருக்கட்டும். மாதம் 90 ஆயிரம் என்றால் 10.8 லட்சம், நீங்கள் அந்தக் கோட்டைத் தாண்டுகிறீர்கள். வருமானத்தோடு பொருந்தினால் கவலை இல்லை.

நிராகரிப்புக்கு வருகிறேன். "உள் கொள்கை" என்பது காரணம் ஆகாது. நிராகரித்ததற்கான குறிப்பிட்ட காரணத்தை எழுத்தில் தரவேண்டும் என்று அதே கிரெடிட் கார்டு நெறிமுறை சொல்கிறது. விண்ணப்ப எண்ணைக் குறிப்பிட்டு குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றாலோ, வந்த பதில் திருப்தி இல்லையென்றாலோ ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மனின் (வங்கிகள் மீதான புகார்களைத் தீர்க்கும் அதிகாரி) சிஎம்எஸ் என்ற புகார்த் தளத்தில் புகார் போடலாம், கட்டணம் கிடையாது, உதவிக்கு 14448. ஆனால் ஆம்புட்ஸ்மன் காரணத்தைச் சொல்லவைக்கலாமே தவிர, கார்டு கொடுக்கவைக்க மாட்டார். அது வங்கியின் வணிக முடிவு.

காரணம் வருவதற்குள் ரிப்போர்ட்டை நீங்களே பாருங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், க்ரிஃப் ஹைமார்க் ஆகிய நாலு கடன் தகவல் நிறுவனங்கள் ஒவ்வொன்றிலும் வருடத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசம். மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். கார்டு கணக்கு ஒவ்வொன்றிலும் 'கடன் வரம்பு' கட்டம் நிரம்பியிருக்கிறதா, குறைந்த 60 ஆயிரம்தான் அங்கே இருக்கிறதா, 36 மாதக் கட்டங்களில் 000 (தாமதம் பூஜ்ய நாள்) அல்லது எஸ்டிடி (ஒழுங்கான கணக்கு) தவிர வேறு ஏதும் தென்படுகிறதா என்று பாருங்கள். எக்ஸ்எக்ஸ்எக்ஸ் என்றால் அந்த மாதம் வங்கி தகவலே அனுப்பவில்லை, பயப்பட வேண்டாம். விசாரணைப் பகுதியில் கடந்த ஆறு மாதத்தில் எத்தனை விண்ணப்பம்? மூன்று, நான்கு இருந்தால் 762-க்குக்கூட கதவு திறக்காமல் போகலாம். தவறு இருந்தால் டிஸ்பியூட் (திருத்தக் கோரிக்கை) போடுங்கள். 30 நாளுக்குள் சரிசெய்யாவிட்டால் அதன்பின் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு.

வீட்டுக் கடன் எண்ணம் இருப்பதால் இனி புதிய கார்டுக்கு விண்ணப்பமே வேண்டாம் என்பேன். நாலு போதும்.

இ-க்கு முதலில் கட்டணத் தள்ளுபடி கேளுங்கள், இல்லையென்றால் அதே வங்கியின் கட்டணமில்லாத கார்டுக்கு மாற்றித்தரக் கேளுங்கள், லிமிட் பொதுவாக அப்படியே தொடரும். இரண்டுக்கும் மசியாவிட்டால், வீட்டுக் கடன் கைக்கு வந்தபிறகு மூடலாம். 1,770 ரூபாய் ஒரு வருடம் போனால் போகட்டும், வீட்டுக் கடன் வட்டியில் கால் சதவீதம் கூடினால் அதைவிடப் பல மடங்கு போகும்.

மூடும்போது வரிசை தவறினால்தான் சிக்கல் வரும். ரிவார்டு புள்ளிகளை முதலில் மாற்றிவிடுங்கள், மூடியபின் கிடைக்காது. ஓடும் இஎம்ஐ-யை முடியுங்கள், தானியங்கிப் பிடித்தங்களை வேறு கார்டுக்கு மாற்றுங்கள். பிறகு ஒரு ஸ்டேட்மென்ட் முழுக்கப் பூஜ்யமாக வரும்வரை பொறுங்கள். முன்பு பாக்கி வைத்திருந்தால் ஸ்டேட்மென்ட்டுக்கும் கட்டிய நாளுக்கும் இடைப்பட்ட வட்டி 40, 50 ரூபாய் அடுத்த மாதம் முளைக்கும். "கார்டைத்தான் மூடிவிட்டோமே" என்று விட்டால் அது வளர்ந்து சிபிலில் கெடு தாண்டிய பாக்கியாக நிற்கும். பாக்கி இல்லாத நிலையில் வேண்டுகோள் கொடுத்தால் 7 வேலை நாளில் மூடவேண்டும், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் உங்களுக்குத் தரவேண்டும். அதனால் வேண்டுகோளை மின்னஞ்சலில் கொடுங்கள், போனில் மட்டும் சொன்னால் தேதிக்கு ஆதாரம் இருக்காது. இரண்டு மாதம் கழித்து ரிப்போர்ட்டில் 'குளோஸ்ட்' என்று இருக்கிறதா பாருங்கள். 'செட்டில்ட்' என்று இருந்தால் அது வேறு விஷயம், பாதி வாங்கிக்கொண்டு கணக்கை முடித்தார்கள் என்று பொருள். வீட்டுக் கடன் அதிகாரி அங்கேயே நிறுத்திவிடுவார்.

சிறுவாணி சேகர்:

மூவருக்கும் நன்றி. இரண்டே சந்தேகம். பழைய கார்டு ஈ-யை மூடினால் அதன் வரலாறு அழிந்துவிடும் என்கிறார்களே? ஏதோ காரணத்தால் கெடு தேதி ஒரு நாள் தவறினால் என்ன ஆகும்?

வட்டிக்கணக்கு:

உடனே அழியாது. மூடிய கணக்கும் ரிப்போர்ட்டில் பல வருடம் இருக்கும். உடனடி இழப்பு 75 ஆயிரம் லிமிட்தான். இலவசக் கார்டு என்பதால் மூடக் காரணமே இல்லை, ஒரு சின்னச் சந்தாவை அதில் போட்டு ஆட்டோபே வைத்துவிடுங்கள்.

ஒரு நாள் தவறினால்: கெடுவிலிருந்து மூன்று நாளுக்கு மேல் ஆனால்தான் தாமதக் கட்டணமும் சிபிலில் 'கெடு தாண்டியது' என்ற பதிவும் வரவேண்டும். 9-ஆம் தேதிக் கெடுவை 12-க்குள் கட்டினால் தப்பலாம். வட்டிக்கு அந்தச் சலுகை உண்டென்று நம்பாதீர்கள். மூன்று நாள் கடந்துவிட்டால் கட்டணத்தைக் கெடு தேதியிலிருந்தே கணக்கிடுவார்கள். யுபிஐ-யில் கட்டினால் 'வெற்றி' என்று வந்ததைப் பார்த்துவிட்டு விடாமல், கார்டு ஆப்பில் பாக்கி குறைந்ததா என்று மறுநாள் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.