எழுத்து ரோல்பிளேயில் கேரக்டர்களின் வயதை எப்படி நகர்த்துகிறீர்கள்?

துறைமுக_ஜிஎம்:
டிஸ்கார்ட் அரட்டைச் செயலியில் சின்னக் குழுவாக எழுத்து வழி ரோல்பிளே ஆடுகிறோம், அதாவது ஆளுக்கொரு கேரக்டரை எடுத்து மாறி மாறிக் கதை எழுதுகிறோம். நான்தான் ஜிஎம் (கேம் மாஸ்டர்), ஆட்டத்தை நடத்துபவன். களம் ஒரு கற்பனைத் துறைமுக நகரம், மனிதர்களும் எல்ஃப்களும் (நெடுங்காலம் வாழும் கற்பனை இனம்) கலந்து வாழும் ஊர். ஆடுகிறவர்களில் ஒருவர் டொராண்டோ, ஒருவர் சிங்கப்பூர், மற்றவர்கள் சென்னை. ஒருவர் போஸ்ட் போட்டால் அடுத்தவர் படித்துப் பதில் எழுத இரண்டு மூன்று நாள் ஆகிவிடும். கதைக்குள் ஒரே ராத்திரியில் முடிகிற முற்றுகை, எங்களுக்கு ஒரு மழைக்காலம் முழுக்க ஓடியது.

இப்போது சிக்கல் வயதில் வந்து நிற்கிறது. கயல் என்ற கேரக்டருக்கு 11 வயது, கப்பல் தச்சரிடம் வேலை பழகுகிறாள். அவள் மாலுமியாகிக் கடல் கடந்து போவதை எழுத வேண்டும் என்பது அவளை எழுதுபவரின் ஆசை. அதனால் எட்டு வருஷம் தாண்டலாம் என்கிறார். கோட்டைத் தளபதிக்கு 61. அவரை எழுதுபவர், எட்டு வருஷம் போனால் என் ஆளிடம் என்ன மிச்சம் இருக்கும் என்று கேட்கிறார். இரண்டு பேர் சொல்வதும் நியாயம்தான். எல்ஃப் எழுதுபவருக்கு எதுவானாலும் சரி.

நிஜ நாளுக்குக் கதை நாள் ஒன்றுக்கு ஒன்று என்று வைத்துவிடலாமா? யாராவது நீண்ட காலம் இப்படி நடத்தியிருக்கிறீர்களா?

பழைய_மட்வாசி:
ஒன்றுக்கு ஒன்று வேண்டாம். ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி ஆட்டத்தில் அது நடக்கிறது. 2003-இல் ஆட்டம் தொடங்கியபோது அங்குள்ள ஆண்டுக்கணக்கில் ஒய்சி 105, நமக்கு ஒரு வருஷம் ஏறினால் அங்கும் ஒன்று ஏறும். ஆனால் அங்கே விமானி செத்தால் குளோன் உடலில் எழுந்துவிடுவார், வயது யாரையும் கடிக்காது. உங்கள் தளபதிக்கு அந்த வசதி இல்லையே.

கணக்கை இயந்திரத்திடம் விட்டால் என்ன ஆகும் என்பதை மட்களில் (பலர் சேர்ந்து எழுத்து வழியே ஆடும் பழைய கணினி ஆட்டங்கள்) பார்த்திருக்கிறேன். 1991-இல் கோபன்ஹேகன் பல்கலைக்கழக மாணவர்கள் வெளியிட்ட டிக்குமட் என்ற மட்டில் ஆட்டத்தின் ஒரு மணி நேரம் நமக்கு 75 விநாடி. மாதத்துக்கு 35 நாள், வருஷத்துக்கு 17 மாதம். கணக்குப் போட்டால் நம்முடைய பன்னிரண்டரை நாளுக்குள் அங்கே ஒரு வருஷம் முடிந்துவிடும். கேரக்டர் 17 வயதில் பிறக்கும், நீங்கள் உள்ளே வந்தாலும் வராவிட்டாலும் வயது ஏறும். காயம் ஆறும் வேகம் நடுவயது வரை கூடி, அப்புறம் இறங்கும். பரீட்சை, வேலை என்று ஒரு வருஷம் ஒதுங்கிவிட்டுத் திரும்பினால் உங்கள் வீரன் நாற்பதைத் தாண்டி நிற்பான். அந்த வருஷங்களில் அவன் என்ன செய்தான் என்று யாருக்கும் தெரியாது. டிக்குமட்டிலிருந்து பின்னால் வந்த மெர்க் வகை மட்களில் உள்ளே ஆடிய நேரத்தை மட்டும் வயதுக்குக் கணக்கெடுத்தார்கள். எனக்கு அதுதான் நியாயமாகப் பட்டது. யாரும் வாழாத வருஷத்துக்கு வயது ஏறக் கூடாது.

குளிர்கால_வாரிசு:
மேலே சொன்ன கடைசி வரியைப் பிடித்துக்கொள்ளுங்கள். கிரெக் ஸ்டாஃபோர்டின் பென்டிராகனை (1985), ஆர்தர் மன்னர் கால வீரர்களாக ஆடும் ரோல்பிளேயை, நாங்கள் ஆன்லைனில் ஆடுகிறோம். பொதுவாக ஒரு சாகசம் ஒரு வருஷம் என்று ஓடும். சாகசம் முடிந்ததும் குளிர்காலக் கட்டம் வரும். நிலத்தில் விளைச்சல் எப்படி, குதிரை பிழைத்ததா, குழந்தை பிறந்ததா என்று ஒவ்வொன்றுக்கும் பகடை. 35 வயதுக்கு மேல் முதுமைக்கும் ஒரு பகடை உண்டு. நம் மாவீரன் இறந்தால் அவன் மகனையோ மகளையோ எடுத்து ஆடுவோம். நேரம் ஓடுவதே அங்கே ஆட்டம் என்பதால் யாரும் சண்டைக்கு வருவதில்லை.

உங்கள் குழுவுக்கு நான் சொல்வது: அத்தியாயம் நடக்கும்போது காலத்தை உறைய வையுங்கள். முற்றுகை ராத்திரி எத்தனை மாதம் எழுதினாலும் அது ஒரு ராத்திரிதான். அத்தியாயம் முடிந்ததும் எல்லோரும் பேசித் தாண்டுங்கள். தாண்டும் ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒவ்வொரு கேரக்டரும் ஒரு பத்தி எழுத வேண்டும், கடிதமோ கணக்குப் புத்தகமோ எதுவானாலும் சரி. எட்டு வருஷம் கேட்பவர் எட்டுப் பத்தி எழுதத் தயாரா என்று கேளுங்கள். பெரும்பாலும் மூன்று வருஷமே போதும் என்பார்கள்.

இன்னொன்று, ஒவ்வொரு போஸ்டின் தலையிலும் கதை நாளைப் போடச் சொல்லுங்கள். 'மூன்றாம் மழை, 12-ஆம் நாள், நள்ளிரவு' என்று ஒரே வரி. அது இருந்தால் பழைய காலத்துக் காட்சிகளைத் தனிச் சேனலில் தாராளமாக எழுதலாம், குழம்பாது.

மருத்துவச்சி_அம்மணி:
டி அண்ட் டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) ரோல்பிளே ஆட்டத்தின் 3.5 பதிப்பில் மனிதரின் முதுமைக்கு 35, 53, 70 வயது என்று மூன்று படி. ஒவ்வொரு படியிலும் வலுவும் உடற்கட்டும் குறையும், அறிவு ஒன்று கூடும். அந்த எண்களை ஒட்டிக்கொண்டு எழுதாதீர்கள். முதுமை எழுத்தில் தெரியட்டும். என் மருத்துவச்சிக்கு வயதானபோது நான் எங்குமே வயதைச் சொல்லவில்லை. தையல் போடும் ஊசியில் நூல் கோர்க்கச் சிஷ்யையிடம் நீட்டினாள், அவ்வளவுதான். அடுத்த போஸ்டில் சிஷ்யையை எழுதுபவர் கேட்காமலே கோர்த்துக் கொடுத்தார். பிறகு தையலையே சிஷ்யை போட ஆரம்பித்தாள். அந்த ஊசி வழியாக இரண்டு கேரக்டரும் சேர்ந்தே வளர்ந்தார்கள்.

எல்ஃப் எழுதுபவரையும் சும்மா விடாதீர்கள். 750 வருஷம் வாழ்கிறவருக்கு மூன்று வருஷம் ஒன்றுமில்லைதான். ஆனால் தோள் உயரத்துக்கு வந்து நிற்கும் கயலை அவர் பார்த்தாக வேண்டுமே, அதை எழுதட்டும்.

கோட்டை61:
ஜிஎம் இந்த லிங்கை அனுப்பினார். அந்தத் தளபதி என் கேரக்டர்தான். அவர் சாவதில் எனக்கு வருத்தமே இல்லை. முற்றுகைக்குப் பிறகு இடிந்த மதிலை அவர் திரும்பக் கட்டுவதை எழுத வேண்டும் என்று மனதில் வைத்திருந்தேன். 'எட்டு ஆண்டுகள் கழித்து' என்று ஒரு வரியில் மதில் எழுந்து நின்றுவிட்டால் எனக்கு எழுத என்ன இருக்கிறது?

மூன்று வருஷம், வருஷத்துக்கு ஒரு பத்தி என்றால் எனக்குச் சம்மதம். இரண்டாம் வருஷப் பத்தியில் சாரம் கட்டக் கப்பல் பட்டறையில் மரம் கேட்கப்போகிறேன். கயலை எழுதுபவர் அதற்குப் பதில் எழுதுவாரா?

துறைமுக_ஜிஎம்:
கேட்டுவிட்டேன், எழுதுகிறாராம். மூன்று வருஷம் தாண்டினால் கயலுக்கு 14, கரையோரப் படகில் ஏற அது போதும் என்று அவரே சொல்லிவிட்டார். இந்த ஞாயிறு முற்றுகைச் சேனலைப் பூட்டுகிறேன். முதல் வருஷப் பத்திகளுக்குத் தனிச் சேனல் திறந்து, தேதி வரியை அதன் மேலே நிலையாகத் தெரியும்படி குத்தி வைக்கிறேன். எல்ஃப்காரரிடமும் பேச வேண்டும்.