பழைய நகர மண்டபத்தின் படியேறிய நாள்

இலங்கை மலையகத்திலுள்ள எங்கள் டவுனின் பழைய நகர மண்டபத்துக்குள் நான் முதன்முதலாகக் கால் வைத்தது என் ஐம்பதாவது வயதில். அதற்கு முன்பு 1974 ஆம் ஆண்டில், எட்டு வயதுச் சிறுவனாக, அப்பாயியின் கையைப் பிடித்துக்கொண்டு அதன் விறாந்தை வரை போயிருக்கிறேன். அப்பாவின் பிறப்பைப் பற்றிய ஒரு பதிவைத் தேடி, பெரட்டு என்ற காலை வேலைக் கணக்கெடுப்புக்குப் போகாமல் அரைநாள் பேரை, அதாவது கூலியை, இழந்து, அப்பாயி தோட்டத்திலிருந்து நடந்தே வந்திருந்தார். உள்ளே போனவர்கள் போய்க்கொண்டும் வந்தவர்கள் வந்துகொண்டும் இருந்தார்கள். எங்களை மட்டும் யாரும் கூப்பிடவில்லை. மழை சாரலடித்தபோது அவர் படங்குச் சாக்கை என் தலையில் போட்டுவிட்டுத் தாம் நனைந்துகொண்டு நின்றதும், கதவிடுக்கில் தெரிந்த பளபளப்பான மரத்தரையும் இன்னும் கண்ணில் நிற்கின்றன.

அந்த விறாந்தை எங்களுக்கு வழங்கப்பட்ட எல்லையாகவே இருந்தது என்று இப்போது நினைக்கிறேன். 1937 ஆம் ஆண்டின் கிராமிய சபைச் சட்டம் தோட்டத்தில் குடியிருந்த இந்திய வம்சாவளித் தொழிலாளரை வாக்காளர் வரிசையில் சேர்க்கவில்லை. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டம் எங்களவரில் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. 1964 இல் இரண்டு பிரதமர்கள் செய்துகொண்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. பிரஜாவுரிமை கிடைத்த பிறகும், 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு தோட்டத்துக்குள் சபை நிதியைச் செலவிடத் தடையாக நின்று, 2018 இல்தான் திருத்தப்பட்டது. எனவே நகர மண்டபம் என்பது பக்கத்தில் இருந்தும் எங்களுடையதாக இல்லாத கட்டடம்.

அலுவலகம் புதுக் கட்டடத்துக்கு மாறிய பின்னர், மண்டபம் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்தது. பிறகு அதை நூலகமாகவும் கலைக்கூடமாகவும் திறக்க முடிவு செய்தபோது, ஊர்க்காரர் பலரோடு நானும் சிரமதானத்துக்குப் போனேன். சுவரைப் பற்றி அங்கே வேலை செய்த மேசன் சொல்லித்தந்ததை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன், ஏனெனில் மலைநாட்டில் பல பழைய கட்டடங்கள் இந்தத் தவற்றால்தான் பாழாகின்றன. சுண்ணாம்புச் சாந்தால் கட்டிய கற்சுவர் ஈரத்தை உறிஞ்சி மெல்ல வெளிவிடக்கூடியது. அதன்மேல் சீமெந்து பூசிவிட்டால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, சாந்து மாவாகிப் போகும். மேசன் சீமெந்தைத் தட்டியெடுத்த இடங்களில் பழைய சாந்து விரல் பட்டவுடன் உதிர்ந்தது. அவற்றில் மீண்டும் சுண்ணாம்பே பூசினார்கள். கூரைத் தகரத்தை மட்டும் மாற்ற வேண்டியிருந்தது.

திறப்பு நாளில், மன்மதன் எரிக்கப்பட்ட கதையை ஆடும் காமன் கூத்தின் ஒரு பகுதியை ஆட எங்கள் தோட்டத்துக் குழுவை அழைத்திருந்தார்கள். மாசி மாதத்தில் திறந்தவெளியில் இரவிரவாக ஆடப்படும் கூத்தை ஒரு மணி நேரத்துக்குள் சுருக்குவதில் எனக்கு அவ்வளவு சம்மதமில்லை. காமனை இழந்த ரதியின் ஒப்பாரி விடியலின் குளிரில் கேட்க வேண்டியது. ஆனாலும் போனேன். மலைப் பனியில் தப்புப் பறையின் தோல் தளர்ந்துவிடும் என்பதால், மண்டபத்தின் பின்புறம் காய்ந்த தேயிலை மிலாறுக் குச்சிகளைக் கொளுத்தி, தப்பை முகம் மாற்றி மாற்றிக் காய்ச்சிக்கொண்டிருந்தார் மூத்த வாத்தியக்காரர். தோலை விரலால் சுண்டிப் பார்த்து, ஓசை தெளிந்ததும் எழுந்தார். முன்வாசலுக்கு வந்தவர், செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, உள்ளே வராமல் நின்றார்.

“உள்ள வாங்க மாமா, எல்லாரும் உங்களுக்காகத்தான் காத்திருக்காங்க” என்றேன்.

“இல்ல தம்பி, தரை அழுக்காகிடும்” என்றார்.

அவரை நிறுத்தியது துரைமார் காலத்து மரத்தரை மட்டுமன்று என்பதை நான் எழுதியாக வேண்டும். சாவு வீட்டுக்கும் திருவிழாவுக்கும் தப்பை அழைத்துவிட்டு, அடிப்பவரை வாசலோடு நிறுத்திய வீடுகள் எங்கள் லயங்களிலேயே, தொழிலாளர் வரிசை வீடுகளிலேயே, இருந்தன. எங்கள் வீடும் அவற்றுள் ஒன்று. நான் அவருடைய கையைப் பிடித்து உள்ளே அழைத்துச் சென்றேன். முதல் அடி விழுந்தபோது பலகைகளின் அதிர்வு என் உள்ளங்காலில் ஏறியது.

ஹந்தானையில் 1925 இல் கட்டப்பட்ட தேயிலைத் தொழிற்சாலை இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. கம்பளைப் பக்கத்தில் பழைய லயன் அறைகளிலேயே தொழிலாளர் அருங்காட்சியகம் 2007 முதல் இயங்குகிறது. இரண்டும் மிகவும் தேவையானவை. ஆனால் ஒரு நகர மண்டபம் காட்சிப் பொருளாகிவிடக் கூடாது. அதில் பிள்ளைகள் சத்தமிட வேண்டும். அதற்கு வாடகை குறைவாக இருக்க வேண்டும், தோட்டத்துக்குப் போகும் கடைசி பஸ்ஸுக்கு முன் நிகழ்ச்சிகள் முடிய வேண்டும். இவ்விரண்டும் கவனிக்கப்படாததால் முதலாண்டில் டவுன் பிள்ளைகள் மட்டுமே வந்தார்கள்.

*

ஐயா எழுதியதைப் படித்ததும் என் அனுபவத்தையும் சேர்க்கத் தோன்றியது. நான் அதே மண்டபத்தில் சனிக்கிழமைக் கூத்து வகுப்பில் படித்தவள். எங்கள் தோட்டத்தில் ரதி வேடம் ஆண்களுக்கே உரியது. என் அப்பா பதினொரு ஆண்டுகள் சேலை கட்டி ரதியாக ஆடினார். அப்பாடல்களை எனக்குக் கற்றுத்தரும்படி கேட்டபோது, காமன் பொட்டலில் பெண்பிள்ளை ஆடக்கூடாது என்று மறுத்தவர், மண்டபத்தில் என்றால் சரி என்றார். முதல் நாள் தகரக் கூரையில் பெய்த மழையில் அவருடைய குரலே எனக்குக் கேட்கவில்லை. மழை ஓயும்வரை அப்பாவும் நானும் மேடை விளிம்பில் அமர்ந்திருந்தோம். அவர் என் காலில் சலங்கையைக் கட்டிவிட்டு, முடிச்சை இரண்டு முறை சரிபார்த்தார். வகுப்பு இப்போது மூன்றரை மணிக்கே முடிகிறது. தோட்டத்தின் மேல்பிரிவுப் பிள்ளைகளும் பஸ்ஸைப் பிடித்துவிடுகிறார்கள்.